எழுத்துக்கூட்டக் கற்றுத்தந்த நோவா வெப்ஸ்டர்

ஆங்கில அகராதி என்றதும் வெப்ஸ்டர் என்ற பெயர் நம் நினைவுக்கு வருகிறது. நூல்நிலையத்தில் தடித்த அட்டையோடு இருக்கும் அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டும் மாணவியருள் பலர், அது ஒரு மனிதரின் பெயர் என்பதைக்கூட எண்ணிப் பார்ப்பதில்லை. அகராதி ஆசிரியராக ஆவதற்கு நெடுங்காலம் முன்பே நோவா வெப்ஸ்டர் ஒரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியராக இருந்தார். சிறுவர் சிறுமியர் ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்ட முடியாமல் தவிப்பதைத் தினமும் கண்டவர். அந்தத் தவிப்புக்கு அவர் கண்ட மருந்துதான் அவருடைய வாழ்க்கையின் பெரும் பணி என்பது என் எண்ணம். அகராதி அதன் பின்னர் வந்தது.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்போர்டு நகரின் மேற்குப் பகுதியில், 1758-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் வெப்ஸ்டர் பிறந்தார். தந்தையார் நடுத்தரமான விவசாயி. தாயார் மெர்சி ஸ்டீல். ஐந்து குழந்தைகளில் இவர் நான்காமவர். ஏர் பிடிக்க வேண்டிய பையன் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருப்பதைக் கண்ட தந்தையார், தம் நிலத்தை அடமானம் வைத்து 1774-இல் அவரை யேல் கல்லூரிக்கு அனுப்பினார்.

அது போர்க்காலம். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் போராடிக்கொண்டிருந்தன. 1778-இல் பட்டம் பெற்று வீடு திரும்பிய மகனிடம் தந்தையார் எட்டு டாலர் நோட்டு ஒன்றைக் கொடுத்து, இனி உன் பிழைப்பை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். போர்க்காலத்துப் பணவீக்கத்தால் அந்த நோட்டுக்கு அதன் பாதி மதிப்புக்கூட இல்லை. மகன் மூன்று நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாராம். வெளியே வந்தபோது, பள்ளி ஆசிரியர் வேலைக்குப் போவதென்று முடிவு செய்திருந்தார். வழக்கறிஞராகும் ஆசையும் இருந்தது. ஓய்வு நேரத்தில் சட்டம் படித்து 1781-இல் அதிலும் தேறினார். ஆனால் கட்சிக்காரர்கள் வரவில்லை. வயிற்றுப் பிழைப்புக்கு மீண்டும் பள்ளிக்கூடமே கை கொடுத்தது.

அந்நாளைய பள்ளிக்கூடத்தை நாம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். ஒரே அறை. அதில் எழுபது பிள்ளைகள் வரை நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். நாலு வயதுக் குழந்தையும் பதினைந்து வயதுப் பையனும் ஒன்றாக இருப்பார்கள். மேசை கிடையாது. குளிருக்கு அடக்கமான கணப்பும் கிடையாது. பாடநூலோ இங்கிலாந்திலிருந்து வந்தது. தாமஸ் டில்வொர்த் என்பவர் 1740-இல் எழுதிய எழுத்துக்கூட்டு நூல் அது. அமெரிக்கப் பிள்ளைகள் தாம் ஒருநாளும் பார்க்கப்போகாத இங்கிலாந்து ஊர்களின் பெயர்களையெல்லாம் அதில் மனப்பாடம் செய்தார்கள்.

ஊர்ப் பெயராவது போகட்டும். அந்த நூல் சொற்களைப் பிரித்த முறைதான் வெப்ஸ்டரை உறுத்தியது. அக்காலத்தில் ஒரு சொல்லைக் கற்பது என்றால், அதை அசை அசையாகப் பிரித்து, ஒவ்வோர் அசையின் எழுத்துகளையும் உரக்கச் சொல்லி, பிறகு சேர்த்து உச்சரிப்பது வழக்கம். கொத்து என்று பொருள்படும் ‘க்ளஸ்டர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். டில்வொர்த் அதை ‘சி எல் யு’ என்று ஒரு துண்டாகவும், ‘எஸ் டி இ ஆர்’ என்று மறு துண்டாகவும் வெட்டினார். ‘சி எல் யு’ என்பதைப் பிள்ளை எப்படிப் படிக்கும்? ‘க்ளூ’ என்றுதான் படிக்கும். ‘க்ளூ’வையும் ‘ஸ்டர்’ஐயும் சேர்த்தால் ‘க்ளூஸ்டர்’ என்று வரும். அப்படி ஒரு சொல் அந்தப் பிள்ளையின் வீட்டிலும் இல்லை, தெருவிலும் இல்லை. காதுக்குத் தெரிந்த சொல்லைக் கண்ணுக்குத் தெரியாததாக ஆக்கிவிட்டது அந்தப் பாடநூல். வெப்ஸ்டர் அந்த ‘எஸ்’ எழுத்தை முதல் துண்டோடு சேர்த்தார். ‘க்ளஸ்’, ‘டர்’. அவ்வளவுதான். நாக்கு எங்கே நிற்கிறதோ அங்கே சொல்லை நிறுத்து என்பதே அவர் கண்ட விதி.

இன்னொன்று இன்னும் முக்கியமானது. ‘நேஷன்’, ‘சால்வேஷன்’ போன்ற சொற்களின் இறுதியில் ‘டி ஐ ஓ என்’ என்ற நான்கு எழுத்துகள் வருகின்றன அல்லவா? பழைய நூல் அவற்றை ‘டி ஐ’ என்றும் ‘ஓ என்’ என்றும் இரண்டு அசைகளாகப் பிரித்து வைத்திருந்தது. யாரும் அப்படிப் பேசுவதில்லை. அது ‘ஷன்’ என்ற ஒரே அசை, பிரிக்காமல் ஒன்றாகவே கற்பியுங்கள் என்றார் வெப்ஸ்டர். ஒரு முறை அந்த வாலைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு, அதே வாலுடைய நூற்றுக்கணக்கான சொற்களின் பூட்டு திறந்துவிடுகிறது. ஆங்கிலத்தை வேற்று மொழியாகக் கற்கும் நம் மாணவியருக்கும் இதில் பயன் உண்டு. ஆறாம் வகுப்பில் இந்தச் சொல்லை ‘நேட்டியான்’ என்று படிக்காத பெண் எத்தனை பேர்?

நியூயார்க் மாநிலத்துக் கோஷன் என்ற ஊரில் 1782-இல் ஆசிரியராக இருந்தபோது, வெப்ஸ்டர் தம் சொந்த நூலை எழுதத் தொடங்கினார். பகலில் வகுப்பு, இரவில் எழுத்து. அடுத்த ஆண்டு, 1783-இல், ஹார்ட்போர்டில் அது அச்சேறியது. அச்சிடும் செலவை ஏற்க எவரும் முன்வராததால் பொறுப்பைத் தாமே சுமந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை. முதலில் நீண்டதொரு பகட்டான பெயர் வைத்தார்கள். பிறகு ‘அமெரிக்கன் ஸ்பெல்லிங் புக்’ என்று சுருக்கினார்கள். மக்களோ அதன் அட்டையின் நிறத்தைக் கொண்டு ‘நீல அட்டைப் புத்தகம்’ என்றே அழைத்தார்கள். முதலில் அச்சிட்ட 5,000 பிரதிகளும் ஓராண்டுக்குள் தீர்ந்தன.

நூலின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் தனி எழுத்துகள். அடுத்து ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த வரிசைகள்: ‘பே, பீ, பை, போ, பியூ’. நாம் சிறுவயதில் மணலில் எழுதிய ‘க, கா, கி, கீ’ போலத்தான். பிறகு ஓரசைச் சொற்கள், அதன் பின் ஈரசை, மூவசை என்று படிப்படியாக ஏறும். ஒவ்வொரு பட்டியலிலும் ஒரே மாதிரி அழுத்தம் விழும் சொற்களையே ஒன்றாகச் சேர்த்தார். முதல் அசையில் அழுத்தம் விழும் சொற்கள் ஒரு பக்கம், இரண்டாம் அசையில் விழுபவை வேறு பக்கம். இதனால் பிள்ளை சொல்லை மட்டுமன்றி அதன் தாளத்தையும் கற்றது. பிற்காலப் பதிப்பில் ஈரசைச் சொற்களின் பட்டியல், ரொட்டி சுடுபவரைக் குறிக்கும் ‘பேக்கர்’ என்ற சொல்லோடு தொடங்கியது. உங்கள் மகன் எதுவரை வந்திருக்கிறான் என்று கேட்டால், பேக்கர் வரை வந்துவிட்டான் என்று பெற்றோர் பெருமையோடு சொல்வது வழக்கமாயிற்று.

தமிழில் எழுதியபடி படிக்கிறோம், ஏறக்குறைய. ஆங்கிலத்தில் ‘ஏ’ என்ற ஒரே எழுத்து ‘லேட்’ என்ற சொல்லில் ஒரு விதமாகவும், ‘பாதர்’ என்ற சொல்லில் வேறு விதமாகவும், ‘ஆல்’ என்ற சொல்லில் மற்றொரு விதமாகவும் ஒலிக்கிறது. ‘மேன்’ என்ற சொல்லில் அது எழுப்பும் ஒலியை நம் எழுத்தில் சரியாக எழுதவே வழியில்லை. இந்தச் சிக்கலை வெப்ஸ்டர் எண்களால் அவிழ்த்தார். உயிரெழுத்தின் மேல் 1 என்று இருந்தால் நெடிய ஒலி, 2 என்று இருந்தால் குறுகிய ஒலி, மற்ற ஒலிகளுக்கு மற்ற எண்கள். எழுதப்பட்டும் ஒலிக்காத எழுத்துகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். சாய்ந்து நிற்கும் எழுத்தைக் கண்டதும், இது வாய் திறக்காது என்று பிள்ளை புரிந்துகொண்டது. ‘நைட்’ என்ற வீரனின் பெயரை எழுதிப் பார்த்தால், ஆறு எழுத்துகளில் மூன்று வாய் திறக்காமல் நிற்பது தெரியும்.

பட்டியல்களுக்கிடையே சிறு கதைகளும் உண்டு. ஆப்பிள் மரத்தில் ஏறித் திருடும் பையனை முதியவர் ஒருவர் முதலில் நல்ல சொல்லாலும், பிறகு புல்லை எறிந்தும், கடைசியில் கல்லை எறிந்தும் இறக்கிவிடும் கதை, இந்த நூலைப் படித்த அனைவருக்கும் மறக்காத ஒன்றாம்.

இவ்வளவும் எதற்காக? புதிய நாட்டில் பென்சில்வேனியாவில் ஜெர்மன் பேசுவோரும், நியூயார்க் மாநிலத்தில் டச்சு பேசுவோரும் இருந்தனர். ஆங்கிலம் பேசுவோரிலும் வடக்கத்தியார் பேச்சைத் தெற்கத்தியாரும், தெற்கத்தியார் பேச்சை வடக்கத்தியாரும் கேலி செய்தார்கள். பேச்சுக்காக ஒருவரை ஒருவர் இகழும் மக்கள் ஒரு நாடாக நிலைக்க முடியாது என்று வெப்ஸ்டர் அஞ்சினார். அரசியல் சட்டம் எழுதுபவர்கள் எழுதட்டும், பிள்ளைகள் ஒரே புத்தகத்திலிருந்து ஒரே உச்சரிப்பைக் கற்கட்டும் என்பது அவருடைய வாதம்.

புத்தகத்தைக் காப்பதும் பெரும் பாடாயிற்று. அன்று நாடு முழுவதற்கும் பொதுவான பதிப்புரிமைச் சட்டம் இல்லை. ஒரு மாநிலத்தில் அச்சிட்டதை அடுத்த மாநிலத்தில் யாரும் திருடி அச்சிடலாம். ஆகவே குதிரையிலும் வண்டியிலும் மாநிலம் மாநிலமாகச் சென்று சட்டமன்றங்களில் மன்றாடினார். 1785-இல் ஜார்ஜ் வாஷிங்டனை அவருடைய இல்லத்தில் சந்தித்து ஆதரவு தேடினார். பயணச் செலவுக்காக வழிநெடுக ஆங்கில மொழியைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். நாடு தழுவிய சட்டம் 1790-இல் வந்தது. உரிமைக் காலத்தை 14 ஆண்டிலிருந்து 28 ஆண்டாக உயர்த்திய 1831-ஆம் ஆண்டுச் சட்டத்திற்காக, எழுபது வயதைத் தாண்டிய பிறகும் தலைநகருக்குச் சென்று அலைந்தார். ஆசிரியர் இறந்தால் அவருடைய மனைவி மக்களும் உரிமையைப் புதுப்பிக்க அச்சட்டம் வழி செய்தது.

1789-இல் பாஸ்டனைச் சேர்ந்த ரெபேக்கா கிரீன்லீபை மணந்தார். எட்டுக் குழந்தைகள் பிறந்து, ஒன்று சிசுவிலேயே இறந்தது. நியூயார்க்கில் சில ஆண்டுகள் நாளிதழ் நடத்தினார். கொள்ளைநோய்களைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். எந்த வேலையை எடுத்தாலும் முழுமூச்சாகச் செய்வார். ஆனால் குணத்தில் அவரைச் சாந்தமானவர் என்று சொல்ல முடியாது. தற்பெருமை உண்டு. எதிர்த்துப் பேசுவோரைப் பொறுக்கமாட்டார். பெயர் போடாமல் தம் நூலைத் தாமே புகழ்ந்து பத்திரிகைகளுக்கு எழுதியதும் உண்டு.

எழுத்துச் சீர்திருத்தத்திலும் இந்தப் பிடிவாதம் தெரிந்தது. அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஆங்கிலத்துக்குப் புது எழுத்துகளையே உருவாக்கி, அவற்றை வெப்ஸ்டர் பரப்ப வேண்டும் என்று விரும்பினார். அந்த அளவுக்கு வெப்ஸ்டர் போகவில்லை. இருக்கும் எழுத்துகளையே ஒழுங்குபடுத்தலாம் என்றார். ஒலிக்கேற்ப எழுதுகிறேன் என்று 1790-இல் ஒரு கட்டுரைத் தொகுப்பை விநோதமான எழுத்துக்கூட்டலில் வெளியிட்டபோது ஊர் சிரித்தது, நூலும் விற்கவில்லை. நாக்கைக் குறிக்கும் ‘டங்’ என்ற சொல்லை நான்கே எழுத்தில் எழுதலாம் என்று அவர் சொன்னதையும் மக்கள் ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்ட மாற்றங்களைப் பார்த்தால் ஒரு முறை புலப்படும். ‘மியூசிக்’ என்ற சொல்லின் இறுதியில் அப்போது ‘கே’ எழுத்து இருந்தது. ‘மியூசிகல்’ என்று வளரும்போது அது காணாமல் போகிறதே, பிறகு ஏன் அது என்று கேட்டு அகற்றினார். ‘டிபென்சிவ்’ என்ற சொல்லில் ‘எஸ்’ இருப்பதால் ‘டிபென்ஸ்’ என்ற சொல்லிலும் ‘சி’ வேண்டாம், ‘எஸ்’ போதும் என்றார். ‘பிகின்’ என்பதன் இறுதி அசையில் அழுத்தம் விழுவதால் ‘பிகின்னர்’ என்ற சொல்லில் ‘என்’ இரட்டிக்கிறது. ‘டிராவல்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் ‘டிராவலர்’ என்ற சொல்லுக்கு ஒரே ‘எல்’ போதும் என்று விதித்தார். அதாவது சொல்லைத் தனியாகப் பார்க்காமல் அதன் குடும்பத்தோடு பார்த்தார். (நம் பள்ளிகளில் பின்பற்றுவது பிரிட்டிஷ் முறை. வெப்ஸ்டரை நம்பி மாணவியர் தேர்வில் ‘டிராவலர்’ என்ற சொல்லுக்கு ஒற்றை ‘எல்’ போட்டுவிட வேண்டாம்!)

சிறிய அகராதி ஒன்றை 1806-இல் வெளியிட்ட பின், பெரிய அகராதி வேலையில் இறங்கினார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. குடும்பத்தைக் காத்தது நீல அட்டைப் புத்தகம்தான். பிரதி ஒன்றுக்கு ஒரு செண்டுக்கும் குறைவான பங்கு. அந்தச் சில்லறையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதுவும் போதாமல் 1812-இல் செலவு குறைவான ஆம்ஹெர்ஸ்ட் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். வளைந்த பெரிய மேசை ஒன்றின்மேல் பல மொழி அகராதிகளை வரிசையாக விரித்து வைத்து, ஒரு சொல்லைப் பின்தொடர்ந்து ஒவ்வொன்றாக நின்றபடியே நகர்வாராம். புதிய உண்மை ஒன்று தட்டுப்படும்போது நாடித்துடிப்பு அறுபதிலிருந்து எண்பதுக்கு மேல் ஏறிவிடும் என்று அவர் குடும்பத்தார் நினைவுகூர்ந்தனர். சொற்களின் மூலத்தைத் தேடி இருபது மொழிகளை ஒப்பிட்டு எழுதவே பத்து ஆண்டுகள் போயின.

வருந்தத்தக்க செய்தி, அந்தப் பத்தாண்டு உழைப்பின் பெரும்பகுதி வீணானதுதான். எல்லா மொழிகளும் கல்தேய மொழி என்ற ஒரே தாயிடமிருந்து வந்தவை என்று அவர் நம்பினார். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே குடும்பம் என்று கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1786-லேயே எடுத்துக்காட்டியிருந்தார். ஜெர்மானிய அறிஞர்கள் அவ்வழியில் வெகுதூரம் முன்னேறிவிட்டார்கள். வெப்ஸ்டர் அவர்களைப் பின்பற்றவில்லை. அவர் எழுதிய சொற்பிறப்பு விளக்கங்களைப் பின்வந்தோர் 1864-ஆம் ஆண்டுப் பதிப்பில் திருத்தி எழுத நேர்ந்தது. பள்ளிப் பிள்ளையின் வாயைக் கேட்டு அவர் கண்டவை நிலைத்தன. கேட்டறிய வழியில்லாத பழங்காலத்தைப் பற்றி அவர் ஊகித்தவை நிலைக்கவில்லை. சொற்களுக்குப் பொருள் சொல்வதில் மட்டும் அவரை மிஞ்சியவர் அன்று இல்லை.

1824-இல் மகன் வில்லியமுடன் கப்பலேறிப் பாரிஸ் நூலகத்தில் சில காலம் படித்துவிட்டு, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் தங்கினார். 1825 ஜனவரியில் கடைசிச் சொல்லுக்கு வந்தபோது கை நடுங்கி எழுத ஓடவில்லை. எழுந்து அறையில் சற்று உலாவி, மனம் அடங்கியபின் முடித்தார். அப்போது அவருக்கு வயது 66. அகராதி 1828-இல் வெளியாயிற்று. இரண்டு தொகுதிகள், 70,000 சொற்கள், விலை 20 டாலர். அச்சிட்டது 2,500 பிரதிகள். அந்த விலைக்கு வாங்குவோர் குறைவு. ஆயினும் அவர் விடவில்லை. 1840-இல் வீட்டை அடமானம் வைத்து இரண்டாம் பதிப்புக்குப் பணம் திரட்டினார். தந்தை நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்த மகன், எண்பது வயதைத் தாண்டிய பின் தம் வீட்டை அடகு வைத்தார்.

1843-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் நியூஹேவனில் வெப்ஸ்டர் காலமானார். விற்காமல் எஞ்சிய பிரதிகளையும் உரிமையையும் ஜார்ஜ், சார்லஸ் மெரியம் என்ற சகோதரர் வாங்கினர். 1847-இல் விலையை 6 டாலராகக் குறைத்து வெளியிட்டபோது அகராதி வீடுதோறும் புகுந்தது.

நீல அட்டைப் புத்தகமோ அவருக்குப் பின்னும் கோடிக்கணக்கில் விற்றது. மலிவான புத்தகம் ஆதலால், பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்க அனுமதியற்றவர் கைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றமாக இருந்தது. அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ், வெப்ஸ்டர் புத்தகத்தின் சாய்வெழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தே எழுதப் பழகினார். ஒலிக்காத எழுத்தைக் காட்டுவதற்காகச் சாய்த்து வைத்த அச்சு, ஒரு சிறுவனுக்குக் கையெழுத்துப் பாடமாயிற்று.

1865-இல் விடுதலை வந்தபின் மேற்கு வர்ஜீனியாவின் மால்டன் என்ற ஊரில், அடிமைக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் படிக்க வேண்டும் என்று தாயை நச்சரித்தான். எழுத்து வாசனையே அறியாத அந்தத் தாய் எப்படியோ ஒரு பழைய நீல அட்டைப் புத்தகத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். சொல்லித்தர அவர்களைச் சேர்ந்தோர் எவரும் அக்கம்பக்கத்தில் இல்லை. வெள்ளையரிடம் கேட்க அச்சம். அவன் தனியாகவே உட்கார்ந்து சில வாரங்களில் பெரும்பாலான எழுத்துகளைக் கற்றுக்கொண்டான். பின்னாளில், 1881-இல், டஸ்கீகியில் கறுப்பின மக்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி நடத்திய புக்கர் வாஷிங்டன்தான் அந்தச் சிறுவன். தன் வாழ்நாளில் கையில் எடுத்த முதல் புத்தகம் அது என்று அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்.